அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

குடமுருட்டிக்கரை:
பாபநாசம் பக்கம் கிராமம். அம்மாவுக்கு 76. தை மாசம் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. நான் இருப்பது திருப்பூரில். பக்கத்துத் தெரு அக்கா காலை ஆறு மணிக்கு வந்து, ராத்திரி ஒன்பதுக்கு அம்மா தூங்கியதும் போவார். மாசம் 9,000. இப்போது மேட்டூர் திறந்தாச்சு, "தம்பி, குறுவை நடவுக்குப் பத்து நாள் போயிட்டு வந்துடறேன்" என்கிறார். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன்: ஒரு நாளைக்கு 15 மணி நேரம், 30 நாள். மணிக்கு 20 ரூபாய்! கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது. எவ்வளவு கொடுக்கலாம்? அந்தப் பத்து நாளைக்கு என்ன செய்ய?

மன்னார்குடி மருமகள்:
நீங்களாவது கணக்குப் போட்டீங்க. மாமியாரை நாலு வருஷம் பார்த்தேன், என் கணக்கை யாரும் போடலை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிறவங்களிலேயே பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. பத்து நாளைக்கு வேற ஆள் எதுக்கு? லீவு போட்டுட்டு நீங்களே வாங்க.

மாயவரம்:
நானும் இந்த வேலைதான் பார்க்கிறேன். ஏஜென்சி மூலமா போனா வீட்டுக்காரங்க கொடுக்கிறது முழுசா கைக்கு வராது, நேரா பேசிக்கிறதே நல்லது. ஆனா சம்பளத்தை மட்டும் பேசாதீங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டணும், இல்லேன்னா புண்ணு வந்துடும். ஒத்த ஆளா தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. வாரம் ஒரு நாள் லீவு வேணும். நோயாளியைப் பார்க்க வந்தவ கிட்ட முதல்ல பாத்திரம்பாங்க, அப்புறம் துணிம்பாங்க. எது உங்க வேலை, எது இல்லைன்னு அவங்களையே கேளுங்க.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது தம்பி. 18 முதல் 60 வயதுக்குள் என்றால் பதிவு செய்யலாம். பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, 60க்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. அவரே அலைய வேண்டாம், நீங்கள் கூட்டிப் போங்கள். அம்மாவுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பேசி முடித்தாச்சு. காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை, 14,000, ஞாயிறு லீவு. சாயங்காலத்துக்குச் சித்தி மகள், அவளுக்கும் சம்பளம் உண்டு. நடவுப் பத்து நாளும் நான்தான். நேற்று அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன், "மெதுவாடா" என்று திட்டு வாங்கினேன்.

மாயவரம் அக்கா சொன்னபடியே கேட்டேன். அவர் வேண்டாம் என்றது ஒன்றே ஒன்று, மாட்டுக்கொட்டகை கூட்டுவது. அந்த வேலையை அவர் தலையில் எப்போது கட்டினேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை.