மறு: மெம்பரேன் – சவ்வா, படலமா, தோலா?

குழுவினருக்கு வணக்கம்.

குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன், தண்ணீர் கீழே இறங்காமல் இருக்கத் தரையில் பூசும் ‘வாட்டர்புரூஃபிங் மெம்பரேன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில், ‘நீர்காப்புச் சவ்வு’ என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் ‘சவ்வூடு பரவல்’ படிக்கிறார்கள். அங்கே சவ்வு என்றால் தண்ணீரை உள்ளே விடுவது. தண்ணீரை மறிக்கிற பொருளுக்கு அதே பெயரா? ‘நீர்காப்பு’ என்றாலும் ஏரி, குளத்தைக் காப்பதுதான் பலருக்கு முதலில் தோன்றும்.

அம்மா ஒருவர் சொன்ன ‘படலம்’ மெல்லியது என்பதைச் சொல்கிறது. வளையும் என்பதைச் சொல்லவில்லை. இந்தப் பூச்சின் உயிரே வளைவதில்தான் இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தாத்தா வீட்டு மச்சு, உத்திரத்தின் மேல் பலகை பாவியது. அதில் ஒரு குளியலறை எடுத்தோம். வந்த மேஸ்திரி பலகை மேலேயே சிமென்ட் கலவை கொட்டி டைல்ஸ் பதித்துவிட்டார். ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. ஈரம் பட்டால் மரம் குறுக்குவாட்டில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், ஆள் நடந்தால் கொஞ்சம் தொய்யும். சிமென்ட் அப்படி அசையாது. இடுக்கெல்லாம் விரிந்து, கீழே நெல் மூட்டை வைத்திருந்த அறையில் சொட்டியது. பாட்டி அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் எல்லாவற்றையும் பெயர்த்தோம். ஆடிய பலகைகளை இறுக்கி, மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட், அதன் மேல் சிமென்ட் போர்டு, இரண்டையும் சுமார் 15 செ.மீ.க்கு ஒரு துருப்பிடிக்காத திருகு போட்டு முடுக்கினோம். தரையும் சுவரும் சேரும் மூலையெல்லாம் துணிநாடா ஒட்டினோம். பூச்சு நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் ப்ரைமர் காய்ந்ததும் அந்தப் பூச்சு இரண்டு கை: முதல் கை நீளவாட்டில், அது காய்ந்த பிறகு இரண்டாவது குறுக்குவாட்டில். சுவரிலும் ஒரு சாண் ஏற்றினோம். தண்ணீர் வெளியேறும் குழாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்டினோம், அதுவும் வளைந்து கொடுக்கும் பசையில். சுவரோரம் சிமென்ட் அடைக்காமல் சிலிகோன் வைத்தோம்.

காய்ந்த பூச்சில் ஒரு துண்டைப் பிய்த்து மடக்கிப் பார்த்தேன், ரப்பர் மாதிரி மடங்கியது. அப்போது மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலம் நினைவுக்கு வந்தது. தண்ணீர் மொள்ளும் சாலுக்கு அடியில் தும்பிக்கை போலத் தோல் வால் தொங்கும். தண்ணீரையும் தாங்கும், மடங்கவும் செய்யும். நம் ஊரில் தண்ணீரோடு புழங்கிய தோல் அது.

ஆகவே என் முன்மொழிவு: நீர்மறிதோல். மறித்த தோல், மறிக்கிற தோல், மறிக்கும் தோல் என்று விரிகிற வினைத்தொகை. அதனால் நடுவில் த் மிகாது. மிகுந்தால் ‘மறித்தோல்’ ஆகிச் செம்மறியின் தோலை நினைக்க வைக்கும். வேலை நடக்கிற இடத்தில் இது தானே ‘தோல்’ என்று சுருங்கிவிடும். “ரெண்டு தோல் அடிச்சாச்சா?” என்று எங்கள் கொத்தனாரிடம் கேட்டுப் பார்த்தேன். விளக்கம் கேட்காமல், “ஒண்ணுதான் ஆச்சு, இன்னும் காயல” என்றார்.

வாளியில் வருவதைப் பூசுதோல் என்றும், சுருளாக வருவதை விரிதோல் என்றும் பிரிக்கலாம். தரைச் சாய்வுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், மேஸ்திரிகள் வாயில் ‘வாட்டம்’ இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். ப்ரைமருக்குத்தான் என்னிடம் நல்ல சொல் இல்லை. ‘முதற்பூச்சு’ என்றால் பூசுதோலின் முதல் கையோடு குழம்புகிறது. யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.