வளைவு அப்புறம் இருக்கட்டும், குளத்துக்கு வாய்க்கால் கேட்போம்

அன்பான ஊர்ச் சொந்தங்களுக்கு,

பதினைந்து நாள் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டு ஷார்ஜா திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. நான் இல்லாத நேரத்தில் வந்த கடிதங்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வெளியூரில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் சங்கத்தின் சார்பில் எம்.எல்.ஏ.விடம் என்ன கேட்பது என்று பேச்சு ஓடியிருக்கிறது. மும்பை அண்ணாச்சி ஊர் முகப்பில் ஒரு வளைவு வேண்டும் என்கிறார். தோஹா தம்பிமார் சமுதாய நலக்கூடம் கேட்கிறார்கள். உயர்கோபுர விளக்கு வேண்டும் என்றும் ஒரு குரல். எல்லாம் ஊர்மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் நான் பார்த்துவிட்டு வந்ததைக் கேட்டபிறகு முடிவெடுங்கள்.

2025 பிப்ரவரி 7-ம் தேதி அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திருநெல்வேலிக்கு வந்து தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாயைத் தொடங்கி வைத்த செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கன்னடியன் கால்வாயில் வெள்ளங்குளியில் பிரிந்து, நாங்குநேரி, திசையன்விளை வழியாகச் சாத்தான்குளம் பக்கம் எம்.எல். தேரி வரைக்கும் சுமார் 75 கிலோமீட்டர். தாமிரபரணியில் வருஷத்துக்குச் சராசரியாக 13.758 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர் சும்மா கடலுக்குப் போகிறது என்று கணக்கிட்டு, அதில் 2.765 டி.எம்.சி.யை இந்த வறண்ட பக்கம் திருப்புகிற திட்டம். 252 குளங்களும் 5,220 கிணறுகளும் பயன்பெறும் என்று அரசு சொல்கிறது. 2009-ல் அடிக்கல் நாட்டும்போது மதிப்பு 369 கோடி ரூபாய். முடிந்தபோது 1,060 கோடியைத் தாண்டிவிட்டது. பதினாறு வருஷம். 2009-ல் பிறந்த பிள்ளை திறப்பு விழாவின்போது பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தது.

நானும் சித்தப்பாவும் ஒருநாள் காலையில் பைக்கை நிறுத்திவிட்டு, கால்வாய்க் கரையிலிருந்து நம்ம குளம் வரைக்கும், குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய வரத்துக்கால் வழியே நடந்து பார்த்தோம். முக்கால் மணி நேர நடை. முதல் கொஞ்ச தூரம் வாய்க்கால் என்று அடையாளம் தெரிகிறது. அப்புறம் ஒரே சீமைக்கருவேலம். குனிந்து, சட்டையை முள் இழுக்க இழுக்கப் போனோம். ரோட்டுப் பாலத்துக்கு அடியில் பிளாஸ்டிக் பையும் கட்டட இடிபாடும் பாதிவரை அடைத்திருக்கின்றன. அதற்கு அந்தப் பக்கம் யாரோ வாய்க்காலுக்குள்ளேயே வேலிக்கல் ஊன்றியிருக்கிறார்கள். குளத்துக்குள் தண்ணீர் இறங்கும் இடத்தில் மடையின் இரண்டு கல்தூணும் நிற்கின்றன, பலகை இல்லை. திருகுகம்பி துருவேறிக் கையோடு உதிர்கிறது. சித்தப்பா அந்தத் தூணைத் தடவிக்கொண்டே, “கால்வா வந்துட்டுடே. நம்ம குளத்துக்குத் தண்ணி எப்படி வரும்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தோண்டியை விட்டு நாலு இழுப்பில் இறைத்த கிணறுகளில் இப்போது போர் போட்டும் உப்புத்தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அம்மா சோற்றுக்கும் காப்பிக்கும் 20 லிட்டர் கேன் வாங்குகிறாள். இந்த நிலையில் வளைவுக்கு மனு எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, எம்.எல்.ஏ.விடம் கேட்டால் இதெல்லாம் நடக்குமா என்று சிலர் எழுதியிருந்தீர்கள். நம்ம ராதாபுரம் தொகுதியின் கதையே அதற்குப் பதில். 2021-ல் இங்கே ஜெயித்த மு. அப்பாவுவின் கட்சிக்காரன் இல்லை நான். ஆனால் அவருடைய அரசியல் வாழ்க்கையில் இந்தக் கால்வாய் வந்துபோன விதம் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில் ஜெயித்தார். 2001-ல் சுயேச்சையாக நின்றே ஜெயித்தார். கட்சிச் சின்னம் இல்லாமல் நம்ம பக்கம் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். 2006-ல் தி.மு.க. சார்பில் ஜெயித்து அவர் ஆளுங்கட்சி உறுப்பினராக இருந்த காலத்தில்தான் இந்த இணைப்புத் திட்டம் வந்தது. 2011-க்குப் பிறகு பத்து வருஷம் அவர் சட்டமன்றத்தில் இல்லை. வேலையும் ஊர்ந்துதான் நகர்ந்தது. அப்போது திட்டத்தை முடிக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். பதவியில் இருக்கும்போது ஒரு கோரிக்கையைத் தூக்கிப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். பதவி போனபிறகும் அதே கோரிக்கைக்காகக் கோர்ட்டுப் படி ஏறுபவர்கள் குறைவு. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

கால்வாய் ஒருவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. நிலம் கொடுத்த விவசாயிகள் இருக்கிறார்கள், பொன்னாக்குடியில் நான்குவழிச் சாலையைக் கடந்து கொண்டுபோக மெனக்கெட்ட பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஆட்சிகள் மாறினாலும் விடாமல் மனுக் கொடுத்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

2016 தேர்தலை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்த முறை அ.தி.மு.க.வின் இன்பதுரை ஜெயித்தார். வித்தியாசம் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியதை எதிர்த்து அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். தபால் ஓட்டுப் படிவத்தில் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் போடலாமா கூடாதா என்பதுதான் அதில் சிக்கல். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையும் நடந்தது. முடிவை அறிவிக்க உச்சநீதிமன்றம் தடை போட்டது. அறிவிக்காமலேயே அந்த ஐந்து வருஷமும் ஓடிவிட்டது. நான் சொல்ல வருவது வழக்கைப் பற்றி இல்லை. நம்ம குழுவிலேயே 49 பேருக்கு மேல் இருக்கிறோம். அன்றைக்கு ஓட்டுப் பட்டியலில் பேர் இருந்தும் ஊருக்குப் போகாதவர்களில் நானும் ஒருவன். யாருக்குப் போட்டிருப்போம் என்பது அவரவர் விருப்பம். வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தாலும் நேரில் வந்துதான் போட வேண்டும் என்பது சட்டம். டிக்கெட் விலை தெரியாமல் பேசவில்லை. ஆனாலும் 49 என்ற எண்ணை நினைக்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது.

2021-ல் அப்பாவு 5,925 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து, அந்த மே மாதமே பேரவைத் தலைவர் ஆனார். நம்ம பக்கத்து ஆளுக்குப் பெரிய கௌரவம், சந்தோஷம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் கேள்வி நேரத்தில் தன் தொகுதிக்காக எழுந்து கேட்க முடியாது. கவன ஈர்ப்பு கொண்டுவர முடியாது, மானியக் கோரிக்கை விவாதத்தில் பேச முடியாது. மற்ற 233 பேருக்கும் பேச நேரம் கொடுப்பதுதான் அவர் வேலை. கேள்வி நேரம் நேரலையாக வந்ததே அவர் காலத்தில், 2022 ஜனவரியில்தான். இங்கே அறையில் காலைச் சாப்பாட்டோடு அதைப் பார்ப்பேன். வேறு தொகுதிக்காரர் தன் ஊர்க் குளத்தைப் பற்றிக் கேட்கும்போது நம்ம குளம் ஞாபகத்துக்கு வரும். ஆகவே நம்ம தொகுதிக் குறையை எழுத்தில் கொடுத்து, அதிகாரிகளிடம் நேரில் பேசி, திட்டப் பட்டியலில் ஏற்றித்தான் நகர்த்த முடியும். அதற்கு வழி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். இன்னொரு முறை அப்படிப் பட்டியல் கேட்டால் நம்ம வரத்துக்கால் அதில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. ஒரு தொகுதி முழுக்கப் பங்கு வைத்தால் ஊருக்கு என்ன வரும்? வளைவும் நலக்கூடமும் அந்தப் பணத்துக்குள் அடங்கும் என்பதால்தான் எல்லா ஊரும் அதையே கேட்கிறது. எம்.எல்.ஏ.வின் பெரிய பலம் அந்த மூன்று கோடி அல்ல, அவர் சொல்லுக்கு அதிகாரிகள் கொடுக்கும் காது. நாம் அதைப் பயன்படுத்த வேண்டும்.

இனி நம்ம வேலை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள குளம் நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். நம்ம குளம் ஒன்றியத்துக் குளம், வரத்துக்கால் இன்னொரு துறை. போன தடவை ஊரில் மனுக் கொடுத்தபோது ஓர் அலுவலகத்தில் அது எங்களுடையது இல்லை என்றார்கள், அடுத்த அலுவலகத்தில் அதே பேச்சு. ஒன்பது மாதம் அந்தக் காகிதம் அலைந்தது. இம்முறை அப்படி விடக்கூடாது. பட்டா, புலப்படம், அ-பதிவேடு என்ற நிலப் பதிவுகள் எல்லாம் இப்போது இணையத்தில் பார்க்கலாம். வரத்துக்கால் போகிற சர்வே எண்களை இங்கிருந்தே எடுத்து, எங்கெங்கே வாய்க்கால் புறம்போக்கு என்று குறித்துவிடலாம். துபாயில் சர்வே கம்பெனியில் இருக்கும் மாப்பிள்ளை இதை முன்நின்று செய்தால் நல்லது.

ராதாபுரம் கால்வாய்க்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். கோதையாற்றுத் தண்ணீர் நிலப்பாறையிலிருந்து வந்து 52 குளங்களுக்குப் பாய்கிறது, 17,000 ஏக்கர். ஜூன் பாதியில் திறக்க வேண்டிய தண்ணீருக்கு அவர்கள் அதற்கு முன்னமே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

நம்ம மண்ணுக்குத் தண்ணீர் குடிக்கத் தெரியும். திசையன்விளை பக்கம் ஆயன்குளம் படுகையில் 2021 மழையில் வெள்ளத்தை உள்ளே விட்டும் நிரம்பாத கிணற்றை ஞாபகம் இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் என்றார்கள். நம்ம ஊரில் அப்படிக் கிணறு இல்லை. ஆனால் குளத்தில் இரண்டு மாதம் தண்ணீர் நின்றால் வீட்டுக் கிணறுகளில் உப்பு குறையும், நாமே பார்த்திருக்கிறோம்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்குக் கிராமசபை. வரத்துக்கால் அளவை, தூர்வாருதல், மடைக்குப் புதுப் பலகை என்று மூன்றே வரியில் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று தலைவரிடம் சித்தப்பா பேசியிருக்கிறார். அந்தத் தீர்மான நகலோடு சங்கத்தின் கடிதமும் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் போகட்டும். உங்கள் யோசனைகளை மார்ச் 10-க்குள் எழுதுங்கள். மும்பை அண்ணாச்சி, வளைவை நான் மறக்கவில்லை. குளம் பெருகிய வருஷம் அதை நாமே கட்டலாம், முதல் பங்கு என்னுடையது.

நடந்து போனபோது எடுத்த ஆறு படங்களை இதோடு அனுப்புகிறேன். கடைசிப் படம் மடை. இடது பக்கத் தூணில் முக்கால் உயரத்தில் பழைய தண்ணீர்க் கோடு மங்கலாக இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.