ஒலியைக் கூட்டினால் ரிதம் குழைகிறது

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கி மூன்று வாரமாகிறது. கனமான ரிதம் ஒலி இன்னும் பிடிபடவில்லை. 20 வாட், வால்வு வகை, 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கிட்டாரில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், டிராப் சி சுருதி, அதாவது அடித்தந்தியை C வரை தாழ்த்தியது. தாழ்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ்.

சிங்கப்பூர் செங்காங்கில் வீவக அடுக்குமாடி வீடு என்பதால் ஒலியளவு 1-ஐத் தாண்டாது. அங்கே நன்றாகவே இருக்கிறது. சிக்கல், ஜாலான் புசார் பக்கம் ஒத்திகை பார்க்கும்போதுதான். ஒலியைக் கூட்டியதும், உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் இடங்கள் வெட்டியதுபோல் விழாமல் கஞ்சி கொதிப்பதுபோல் குழைகின்றன. பேஸ் கிட்டாரும் சேர்ந்துவிட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை.

கெயினை (ஒலி உடையும் அளவை) 8-லிருந்து 5-க்குக் குறைத்தேன், கொஞ்சம் தெளிந்தது. பேஸ் குமிழ் 3-இல் இருக்கிறது. மிடிலை அடியோடு குறைத்து வைத்திருந்தது என் முட்டாள்தனம், இப்போது 6. தடிமனான தந்திகள் போட்டாயிற்று. ஆம்ப்ளிஃபையரை மூலையிலிருந்து நகர்த்தி நாற்காலிமேல் ஏற்றியும் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால், ஒலியை உடைக்கும் ஓவர்டிரைவ் பெடல், டிரைவ் 0, லெவல் முழுதாக: இறுக்கம் வந்தது, கனம் போய்த் தகரமாகிவிட்டது.

கையில் பத்துப் பட்டை ஈக்யூ பெடல் ஒன்று (அலைவெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) இருக்கிறது. சனிக்கிழமை அடுத்த ஒத்திகை. இறுக்கம், கனம் இரண்டும் கிடைக்க, அதை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வைத்து 125 ஹெர்ட்ஸைக் குறைப்பதா, எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்ப்ளிஃபையருக்குள் கெயினுக்குப் பிறகு பெடல் சேரும் இணைப்பில்) வைத்து அதையே கூட்டுவதா?