அம்மாவுக்கு மேல் தாடையில் எலும்பு வைக்க வேண்டுமாம், சர்ஜனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு வயது 61, சுகர் உண்டு. மேல் வரிசையில் வலப்பக்கக் கடவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கி வருஷக்கணக்காகிறது, இப்போதுதான் நிலையாக நிற்கிற பல் வேண்டும் என்கிறார். திருச்சியில் மூன்று இடத்தில் காட்டினோம். முதலாமவர், எலும்பு குறைந்துவிட்டது, சைனஸ் லிஃப்ட் செய்து, அதாவது கடவாய்ப் பல்லுக்கு மேலே இருக்கிற காற்றறையின் (சைனஸ்) சவ்வைத் தூக்கி, கீழே எலும்புத்தூள் வைத்து ஆறேழு மாதம் கழித்துத்தான் இம்ப்ளாண்ட் (பல்லுக்கு வேராக எலும்பில் பதிக்கும் திருகு) என்றார். அடுத்தவர் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். மூன்றாமவர் எலும்பே வைக்க வேண்டாம், பேசல் இம்ப்ளாண்ட் (ஆழத்தில் இருக்கிற கெட்டி எலும்பில் பிடிக்கும் வகை) போட்டு மூன்றாம் நாளே பல் மாட்டி அனுப்புகிறேன் என்கிறார். ரேட்டிலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். மூன்று பேர் சுவரிலும் சட்டம் போட்ட சான்றிதழ்கள், கூகுளில் எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பொன்மலைவாசி:
சார், உங்களிடம் உட்கார்ந்து பேசியவர்தான் கத்தி பிடிக்கப் போகிறாரா என்று முதலில் கேளுங்கள். நம் பக்கம் நிறைய கிளினிக்குகளில் இந்த வேலைக்கு வெளியிலிருந்து கன்சல்டன்ட் வருவார், தன் கிட்டைத் தூக்கிக்கொண்டு இன்று இங்கே, நாளை கரூர். அதில் தப்பில்லை, பெரும்பாலும் அவர்தான் கைதேர்ந்தவர். ஆனால் வாய் மரத்துப்போன பிறகுதான் அவர் முகத்தையே நாம் பார்க்கிறோம். என் மைத்துனருக்கு எலும்பு வைத்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தையல் விட்டுப்போய், மணல் மாதிரி நாக்கில் நறநறவென்று வந்துகொண்டே இருந்தது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. கிளினிக்குக்குப் போன் செய்தால் "பெரிய டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்" என்று பதில். அதனால் செய்யப்போகிறவர் பெயர், பதிவெண், ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவையாவது நேரில் பேச வாய்ப்பு, ராத்திரி ரத்தம் கசிந்தால் எந்த நம்பர், இதெல்லாம் அட்வான்ஸ் கட்டும் முன்னேயே வாங்கிவிடுங்கள்.

ஈறும்எலும்பும்:
நான் ஈறு சிகிச்சைப் பிரிவில் (பெரியோ) எம்.டி.எஸ், அதாவது பல் மருத்துவ மேற்படிப்பு, முடித்தவன், எனவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பி.டி.எஸ் (பல் மருத்துவ இளநிலைப் பட்டம்) படித்தவர் இம்ப்ளாண்ட் போடலாம், நன்றாகச் செய்பவர்களும் உண்டு, ஆனால் சைனஸ் லிஃப்ட் என்று வந்துவிட்டால் ஓரல் சர்ஜரியிலோ பெரியோவிலோ மூன்று வருஷம் எம்.டி.எஸ் படித்து, இதையே வழக்கமாகச் செய்துகொண்டிருப்பவரிடம் போவதுதான் நல்லது. சுவரில் மாட்டியிருப்பதில் எது பட்டம், எது சனி ஞாயிறு பயிற்சிக்குக் கொடுத்த காகிதம் என்று நின்று படியுங்கள். பதிவை தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம்.

முதல் இருவரும் ஒருவருக்கொருவர் முரணாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சைனஸ் அடித்தளத்துக்குக் கீழே மிச்ச எலும்பு 5 மி.மீ. அளவுக்கு இருந்தால் இம்ப்ளாண்ட் அதிலேயே கவ்விக்கொள்ளும், ஒரே நாளில் முடிக்கலாம். இரண்டு மூன்று மி.மீ.தான் என்றால் முதலில் தூள் வைத்து எலும்பு ஊறும்வரை காத்திருப்பதே வழக்கம். ஆகவே அம்மாவுக்கு எத்தனை மி.மீ. என்று இருவரிடமும் கேளுங்கள். சிபிசிடி ஸ்கேன் (தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுக்காமல், ஓபிஜி படத்தை (தாடை முழுவதும் தெரிகிற தட்டையான எக்ஸ்ரே) மட்டும் பார்த்துச் சொன்னார்கள் என்றால் அது உத்தேசக் கணக்கு, அந்தப் படத்தில் எலும்பின் அகலமே தெரியாது.

இன்னொரு கேள்வி: "சைனஸ் சவ்வு கிழிந்தால் என்ன செய்வீர்கள்?" இந்த ஆபரேஷனில் அடிக்கடி நடக்கிற சிக்கல் அதுதான். சின்னக் கிழிசலைக் கொலாஜன் மெம்பிரேன் வைத்து மூடுவார்கள், பெரிதாகிவிட்டால் மூடித் தைத்துவிட்டு ஆறியபின் மறுபடி செய்வார்கள். "எனக்குக் கிழிந்ததே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் அதிகம் செய்ததில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாமவர் பற்றி: இரண்டு பல்லுக்காக பேசல் இம்ப்ளாண்ட் என்பவரிடம் என் அம்மாவை நான் அனுப்ப மாட்டேன். இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

அப்புறம் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்) பார்த்தார்களா? எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று யாராவது கேட்டார்களா?

சைவச்சாப்பாடு:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் தூள் எதிலிருந்து வருகிறது என்று கேட்டுவிடுங்கள். அதிகம் புழங்குவது மாட்டு எலும்பைச் சுத்திகரித்துச் செய்தது, மேலே போர்த்துகிற மெம்பிரேன் பல சமயம் பன்றியின் கொலாஜன். மருத்துவ ரீதியாக எந்தக் குறையும் இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் பில்லைப் படித்த பிறகு பெரிய ரகளை. செயற்கைத் தூளும் உண்டு, தாடையின் வேறு இடத்திலிருந்து சொந்த எலும்பையே சுரண்டி எடுப்பதும் உண்டு. பாக்கெட் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டி வையுங்கள்.

காவிரிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. எடுத்தது ஓபிஜி மட்டும்தான். எலும்பு மருந்து பற்றி அம்மாவிடம் கேட்டேன், மூட்டு வலிக்குப் போன இடத்தில் எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று சொல்லி வருஷத்துக்கு ஒரு ஊசி ஏற்றினார்களாம்! மூன்று கிளினிக்கிலும் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

ஈறும்எலும்பும்:
அது பெரும்பாலும் எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் சோலெட்ரோனிக் ஆசிட்டாக இருக்கும், டிஸ்சார்ஜ் சீட்டில் பெயரைப் பாருங்கள். பயப்பட வேண்டாம், தேய்மானத்துக்குக் கொடுக்கிற அளவில் ஆபத்து குறைவுதான். ஆனால் அந்த மருந்து எடுத்தவர்களுக்கு அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகிவிடுவதுண்டு, அதனால் கத்தி வைக்கிறவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். ஊசி போட்ட டாக்டரிடம் கடைசி தேதி, எத்தனை தடவை என்று எழுதி வாங்கிக்கொண்டு, சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியிலோ சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ ஓரல் சர்ஜரி பிரிவில் ஒரு தடவை காட்டுங்கள். பின்பக்கம் பல் இருந்தால் பிரிட்ஜ் (முன்னும் பின்னும் உள்ள பற்களைப் பிடித்துக் கட்டுவது), இல்லையென்றால் கழற்றி மாட்டும் பல், இவையும் போதுமா என்று அங்கேயே கேளுங்கள். சிபிசிடி எடுத்தால் பிரிண்ட் மட்டும் வாங்கி வராமல் ஸ்கேன் ஃபைலைப் பென் டிரைவில் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வார்.