புதிய மடிக்கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறது: ஃபார்மட் செய்வதா, வேண்டாமா?

கேள்வி

மூன்று வாரங்களுக்கு முன் விண்டோஸ் 11 நிறுவப்பட்ட மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட 8 ஜிபி ரேம் அதில் இருந்தது. காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு 8 ஜிபியைக் கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். முதல் நான்கு நாட்கள் ஒரு குறையும் இல்லை. அதன்பின் நாளுக்கு இரண்டு முறையாவது திரை அப்படியே நின்றுவிடுகிறது. காணொளி ஓடிக்கொண்டிருந்தால் கடைசியாகக் கேட்ட ஒலித்துணுக்கு மட்டும் ‘ர்ர்ர்’ என்று விடாமல் ஒலிக்கிறது. மவுஸ் அசைவதில்லை, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நீலத்திரை ஒருமுறைகூட வந்ததில்லை. மேசைமீது வைத்தே பயன்படுத்துகிறேன், கைக்குச் சூடும் தெரிவதில்லை.

கடையில் கேட்டால், ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 20ஆம் தேதிக்குள் நான்கு வாடிக்கையாளர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவத் தயக்கமாக இருக்கிறது. ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

மறுமொழி 1

இப்போதைக்கு வேண்டாம். ஃபார்மட் செய்தால் இதுவரை சேர்ந்திருக்கும் பதிவுகளும் அழிந்துவிடும். கோளாறு வன்பொருளில் இருந்தால் அடுத்த வாரமே அது திரும்பவும் வரும்.

அடுத்த முறை நிற்கும்போது அணைப்பதற்கு முன் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸ் உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டுமே சிக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும், திரையும் திரும்பக்கூடும். விளக்கு மாறவே இல்லையென்றால் கணினி முழுவதுமாக நின்றுவிட்டது என்று பொருள்.

பிறகு விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, ‘சிஸ்டம்’ பகுதியில் அந்த நேரத்துப் பதிவுகளைப் பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்ற பதிவு கட்டாயம் இருக்கும். அதைக் கண்டு பவர் சப்ளை கெட்டுவிட்டது என்று பலரும் சார்ஜரை மாற்றுகிறார்கள். முறையாக அணைக்கப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நீங்கள் பட்டனை அழுத்தி அணைத்ததே அதற்குப் போதும். அதற்குள் இருக்கும் பக்செக் கோடு என்ற எண் (நீலத்திரைப் பிழையின் எண்) 0 ஆக இருக்கிறதா என்பதையும், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் வியா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வேறு பதிவு இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

மறுமொழி 2

எனக்கும் இப்படித்தான் இருந்தது; மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரையும் பயாஸையும் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்த பிறகு நின்றுவிட்டது. பயாஸைப் புதுப்பிக்கும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

கேட்டவர்

இரண்டையும் புதுப்பித்தேன், அன்று மாலையே மறுபடி நின்றது. கேப்ஸ் லாக் விளக்கு மாறவில்லை. 41 இருக்கிறது, பக்செக் கோடு 0, வியா பதிவு எதுவும் இல்லை. விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக்கையும் ஓட்டினேன். ரேமில் பிழை இல்லை என்றே சொன்னது.

மறுமொழி 3

ரேமில் பிழை இல்லை என்று அந்தச் சோதனை சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அது பிழையைக் காட்டினால் பிழை உண்டு. காட்டாவிட்டால் ரேம் நல்லது என்று ஆகாது. பக்செக் கோடு 0 என்றால் நீலத்திரைக்கான குறிப்பை எழுதி வைக்கக்கூட விண்டோஸுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த பிறகு இந்தக் கணினியில் மனிதக் கை பட்ட ஒரே இடம் அந்த ஸ்லாட்தான், ஆகவே என் ஐயம் அதன்மீதுதான்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகள் வரை ஓடும்; நான்கும் முடியட்டும். பிழை வந்தால் கூடுதல் ரேமைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் 8 ஜிபியை மட்டும் வைத்து மறுபடி சோதியுங்கள். அடிமூடியைத் திறந்தால் வாரன்டி போகுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரையே கழற்றச் சொல்வது இன்னும் நல்லது.

கேட்டவர்

முதல் இரண்டு சுற்றுகளில் ஒன்றும் இல்லை. மூன்றாம் சுற்றில் திரை சிவப்பு வரிகளால் நிறைந்தது. காலையில் அதைப் படமெடுத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்தபோது ரேம் ஸ்லாட்டில் சரியாகவே அமர்ந்திருந்தது, இரு பக்கக் கொக்கிகளும் பூட்டியிருந்தன. ஆகவே பொருத்தியதில் தவறு இருப்பதாகத் தெரியவில்லை, அந்த ரேமிலோ ஸ்லாட்டிலோதான் கோளாறு இருக்க வேண்டும். அதைக் கழற்றிய பிறகு நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன. ஆறு நாட்களாக ஒருமுறைகூட நிற்கவில்லை. படத்தைக் காட்டியதும் ஃபார்மட் பேச்சை விட்டுவிட்டு வேறு ரேம் வரவழைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மறுமொழி 3

புதிய ரேமைப் போட்டதும் அதே சோதனையை இன்னொரு இரவு ஓட்டுங்கள். இன்னொன்று: கெட்ட ரேமுடன் ஓடிய நாட்களில் சேமித்த கோப்புகளில் சில சத்தமில்லாமல் சிதைந்திருக்கக்கூடும். அந்த நாட்களில் தயாரித்த கணக்குகளை, தாக்கல் செய்வதற்கு முன், மூல பில்களோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இது எனக்குத் தோன்றவே இல்லை. எக்செல் கோப்பு ஒன்று நேற்று திறக்க மறுத்தது. மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பழைய படி கையில் இருந்ததால் தப்பித்தேன். மற்றவற்றை இன்றிரவு பார்க்கிறேன்.