381 பகுதிகள், ஒரே கிழவர்: எய்ஜிரோ தோனோவுக்குத் தொலைக்காட்சி செய்தது நல்லதா கெட்டதா?

கடைசிவரிசை:
நேற்று இரவு ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் கடைசிப் படமான 'அன் ஆட்டம் ஆஃப்டர்நூன்' (1962) மறுபடி பார்த்தேன். எய்ஜிரோ தோனோ அதில் பழைய பள்ளி ஆசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் சுரைக்காய். இப்போது மகளோடு ஒரு சின்ன நூடுல்ஸ் கடை நடத்துகிறார். பெரிய ஆட்களாகிவிட்ட மாணவர்கள் விருந்துக்கு அழைக்கிறார்கள். தட்டில் இருக்கும் மீன் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. ஹமோ என்று சொன்னதும் முகம் மலர்ந்து, அந்த எழுத்தை எப்படி எழுதுவது என்று சொல்லிவிடுகிறார்: மீனுக்குப் பக்கத்தில் 'வளம்'. எழுத்து தெரிகிறது, ருசி தெரியாது. ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையையும் அந்த ஒரு வாயில் காட்டிவிட்டார்.

இந்த நடிகர் 1969இல் 'மிதோ கோமோன்' என்ற தொலைக்காட்சித் தொடருக்குப் போனார். 1983 வரை 381 பகுதிகள். கதை தெரியாதவர்களுக்கு: ஷோகன் (அன்றைய ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) குடும்பத்தைச் சேர்ந்த மிதோ பிரபு மித்சுகுனி, ஓய்வுபெற்ற துணி வியாபாரிபோல வேடமிட்டு இரண்டு காவலர்களோடு ஊர் ஊராகப் போவார். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஊழல் அதிகாரி இருப்பான். கடைசியில் காவலர் ஒருவர் குலச்சின்னம் பொறித்த மருந்துச் சிமிழை உயர்த்திக் காட்டுவார், எல்லோரும் மண்ணில் விழுவார்கள். வாரா வாரம் இதே கதைதான்.

அந்த 14 ஆண்டுகள் சினிமாவுக்கும் நட்டம், தோனோவுக்கும் நட்டம் என்பது என் கருத்து. குணச்சித்திர நடிகரின் உயிரே மாறிக்கொண்டிருப்பதுதான். அவரை ஒரே தாடிக்குள் பூட்டிவிட்டார்கள்.

மாலைநேரம்:
இதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஜப்பானில் வேலை பார்த்த நாட்களில் மறுஒளிபரப்பாக இந்தத் தொடரை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரப் பாட்டி தோனோவின் 'கக்கக்கா' சிரிப்பு வரும்போது கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுவார். 1979இல் ஒரு பகுதியை 43.7 விழுக்காடு வீடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஓசுவையும் இன்னொரு பெரிய இயக்குநரான குரோசாவாவையும் கேள்விப்படாத கோடிக்கணக்கான பேருக்கு ஒரு நல்ல நடிகர் போய்ச் சேர்ந்தார். இது எப்படி நட்டம்?

கடைசிவரிசை:
எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதல்ல என் கேள்வி. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) படத்தில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் ஒளிந்திருக்கும் திருடன் இவர்தான். முகம் சரியாகத் தெரியாது, உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்கும். பிறகு ஏழு சாமுராய்களுக்கும் தலைவராகும் கம்பேய், துறவி வேடத்தில் சோற்று உருண்டைகளை எறிந்துவிட்டுப் பாய்கிறார். அப்புறம் திருடன் வெளியே ஓடி வருகிறான். காட்சி மெதுவாகிறது. கால்விரல் நுனியில் எம்பி நின்று அப்படியே சரிகிறான், புழுதி எழும்புகிறது. மொத்தம் சில நொடிகள்தான். அந்தச் சாவு இல்லாவிட்டால் கம்பேய் யார் என்பதே நமக்குப் புரியாது.

'யோஜிம்போ'வில் (1961) சாராயக்கடைக்காரர் கோன்ஜி. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து எந்தக் கும்பல் எங்கே இருக்கிறது என்று காட்டி, ஊரின் நோயை நமக்குப் புரியவைப்பவர். 'தி லோயர் டெப்த்ஸ்' (1957) படத்தில் ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துத் தருபவர். 'ஐ லிவ் இன் ஃபியர்' (1955) படத்தில் பிரேசிலிலிருந்து வந்த கிழவர். இத்தனை ஆட்கள் ஒரே உடம்புக்குள் இருந்தார்கள். 1969க்குப் பிறகு இந்த வரிசைக்குப் பக்கத்தில் வைக்க ஒன்று சொல்லுங்கள்.

பழையபுரொஜெக்டர்:
'டோரா! டோரா! டோரா!' (1970) இருக்கிறதே. பேர்ல் ஹார்பருக்குக் கப்பற்படையை நடத்திப்போகும் அட்மிரல் நகுமோ. அடுத்த தாக்குதலுக்கு அனுப்பாமல் திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கும் அந்த முகத்தில் வெற்றி துளியும் இல்லை. தொடர் தொடங்கிய பிறகு வெளிவந்த படம்தான்.

ஆனால் இந்தப் பேச்சே பாதியிலிருந்து தொடங்குகிறது. தோனோ முதலில் சினிமாக்காரரே அல்ல, மேடைக்காரர். 1930களில் இடதுசாரி நாடக இயக்கத்தில் வளர்ந்தவர். 1940இல் அரசு அந்தக் குழுக்களைக் கலைத்தது. 1944 பிப்ரவரியில், போர் உச்சத்தில் இருந்தபோது, கொரேயா செந்தா, சியேகோ ஹிகாஷியாமா, எய்தாரோ ஒசாவா ஆகியோருடன் சேர்ந்து ஹையுசா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். ஹிகாஷியாமா என்றால் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் வரும் அந்தத் தாய். 1954இல் டோக்கியோவின் ரொப்பொங்கியில் குழுவுக்கென்று சொந்த அரங்கம் எழுந்தது. அதன் பின்னால் இருந்தது இவர்கள் படங்களில் சின்னச் சின்ன வேடம் போட்டுச் சம்பாதித்த பணம். ஆக, நாம் பொக்கிஷம் என்று கொண்டாடும் அந்தத் திருடனும் சாராயக்கடைக்காரரும் ஒரு மேடை நடிகர் பிழைப்புக்காகச் செய்த வேலைகளும்தான். சினிமாவில் செய்தால் கலை, தொலைக்காட்சியில் செய்தால் வீழ்ச்சி என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஊர்க்குருவி:
நீங்கள் சொன்ன அதே வரலாறுதான் என்னை உறுத்துகிறது. அரசு தடைசெய்த நாடக இயக்கத்திலிருந்து வந்தவர், 14 ஆண்டுகள் ஷோகன் குலத்துப் பிரபுவாக நின்று மக்களை மண்டியிட வைத்திருக்கிறார். தொடர் என்ன சொல்கிறது? உங்கள் ஊர் அதிகாரி கெட்டவன், ஆனால் மேலே இருப்பவர் நல்லவர், அவர் ஒருநாள் வருவார், காத்திருங்கள். விவசாயி தானாக எதையும் வெல்வதில்லை. நிஜ மித்சுகுனி (1628-1701) ஒரு பெரிய வரலாற்று நூலைத் தொகுக்கத் தொடங்கியவர். இந்தத் தேசாந்திரக் கதையெல்லாம் பிற்காலத்துக் கதைசொல்லிகள் கட்டியது.

இதன் எதிரே 1962இல் இயக்குநர் கிரிரோ உராயாமா எடுத்த 'ஃபவுண்ட்ரி டவுன்' படத்தை வையுங்கள். கவாகுச்சி ஊர் வார்ப்புப் பட்டறையில் வேலை போன அப்பாவாக தோனோ. சயுரி யோஷினாகா மகள். தொழிற்சங்கம் உதவ வந்தால், நான் கைத்தொழில்காரன் என்று வீம்பில் தட்டிவிடுகிறார். குடிக்கிறார், பிள்ளைகளை அடிக்கிறார். அவர்மேல் கோபம் வருகிறது, ஆனாலும் வெறுக்க முடியவில்லை. வர்க்கம் என்றால் என்ன என்பதை உடம்பில் காட்டிய நடிகர் அவர். அவரிடம் போய் மருந்துச் சிமிழைக் கொடுத்துவிட்டார்கள்!

மாலைநேரம்:
கதை பழமையானது என்பது சரி. மறுக்கவில்லை. நடிப்பைப் பாருங்கள் என்கிறேன்.

சிமிழ் வெளியே வருவது கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான். மற்ற நேரமெல்லாம் அவர் ஒரு வியாபாரிக் கிழவர். வழியில் பசிக்கிறது என்பார், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வம்பு கேட்பார், அழுகிற பெண்ணிடம் ஒன்றும் தெரியாதவர்போல விசாரிப்பார். கோன்ஜியும் சுரைக்காய் வாத்தியாரும் அந்தக் கிழவருக்குள் நடமாடுகிறார்கள். நட்சத்திர நாயகன் ஒருவர் நடித்திருந்தால் வேடத்துக்குள் பிரபு எப்போதும் தெரிந்துகொண்டே இருப்பார். தோனோவிடம் நேர்மாறு. இவரா பிரபு என்று கடைசி வரை நம்ப முடியாது. இருபது வருடமாகத் திருடனாகவும் குடிகாரனாகவும் நடித்துப் பழகிய முகம் அது. அந்த முகம் இருந்ததால்தான் வாரம் தவறாமல் அதே ஏமாற்று வேலை செய்தது.

அவருக்குப் பின் 1983இல் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? கோ நிஷிமுரா. வில்லன் வேடங்களுக்குப் பேர்போனவர். தோனோ அந்த இடத்தைக் குணச்சித்திர நடிகரின் இடமாக மாற்றிவிட்டுத்தான் போனார்.

கடைசிவரிசை:
இதை நான் யோசித்ததில்லை. வேடத்துக்குள் வேடம் என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனாலும் 381 தடவை தேவையா? ஐம்பதாவது பகுதியில் அந்தக் கிழவரைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்துவிடும்? 'டோக்கியோ ஸ்டோரி'யில் (1953) நுமாதாவாக ஒரே ஒரு குடி இரவு. மகன் பெரிய பதவியில் இருப்பதாக ஊரில் சொல்லிக்கொண்டேன், உண்மையில் அவன் சின்ன வேலையில்தான் இருக்கிறான் என்று போதையில் உடைகிறார். ஒரே தடவைதான். எழுபது வருடமாக மறக்கவில்லை.

பழையபுரொஜெக்டர்:
நுமாதா என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் படத்தில் நடிகர் சிஷு ரியுவும் இவரும் சம வயதுத் தோழர்கள். 'அன் ஆட்டம் ஆஃப்டர்நூ'னில் இவர் வாத்தியார், ரியு மாணவர். நிஜத்தில் ரியு பிறந்தது 1904, தோனோ 1907. வாத்தியார் மாணவரைவிட மூன்று வயது இளையவர்! குனிந்த முதுகையும் குழறும் நாக்கையும் வைத்தே அந்த வயதைக் கூட்டிவிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓசுவின் 'குட் மார்னிங்' (1959) படத்தில் இவர் ஓய்வுபெற்று வேலை தேடும் தொமிசாவா. குடித்துவிட்டு, எல்லா வீடும் ஒரே மாதிரி இருப்பதால் பக்கத்து வீட்டுக்குள் போய்ப் படுப்பாரே, அவர்தான். கடைசியில் மின்சாதனம் விற்கும் வேலை கிடைக்கிறது. பையன்கள் அடம்பிடித்துக் கேட்ட தொலைக்காட்சிப் பெட்டியை அவரிடம்தான் வாங்குகிறார்கள். பத்து வருடம் கழித்து, ஒரு மின்சாதனக் கம்பெனி விளம்பரதாரராக இருந்த நேரத்தில் திங்கள் இரவு எட்டு மணிக்கு, அதே பெட்டிக்குள் அவரே வந்து உட்கார்ந்தார்.

ஊர்க்குருவி:
அந்த தொமிசாவா காட்சியை நான் ஐந்தாறு முறை பார்த்திருப்பேன், இப்படி இணைத்துப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் என் மறுப்பு அப்படியேதான் இருக்கிறது. வேலை போன தொமிசாவாவைப் பார்க்கும்போது அவர் பக்கம் நிற்கிறோம். மித்சுகுனியைப் பார்க்கும்போது அவர் முன்னால் மண்டியிடுகிறோம். இரண்டும் ஒரே திறமையால் நடக்கிறது என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

மாலைநேரம்:
வீட்டுக்காரப் பாட்டி ஒருநாளும் மண்டியிட்டதாக எனக்குத் தெரியவில்லை. சிமிழ் வரும் நேரத்தில் அவர் தேநீர் போட எழுந்துவிடுவார். அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சாப்பாட்டுக் கடைக் கிழவர்தான்.

கடைசிவரிசை:
அப்படியென்றால் நான் தொடங்க வேண்டியது எந்தப் பகுதியிலிருந்து? சிமிழ் வருவதற்கு முன்னால் அவர் அதிகம் பேசும் பகுதி ஏதாவது சொல்லுங்கள். பார்த்துவிட்டுத் திரும்ப வந்து சண்டை போடுகிறேன்.