விரால் அடிச்சா மூணு எண்ணணுமாம்! இது எந்த ஊருக் கணக்கு?

கலுங்கடி:
கண்மாய்ல விராலுக்கு ஃப்ளை, அதான் முள்ளுல ஃபோமும் ரோமமும் கட்டுன போலித் தவக்களை, போடுறது எப்படின்னு ஒரு தம்பி நேத்து கேட்டிருந்தாப்ல. அதுக்கு நம்ம மறுகால் அண்ணன் அருளிய வாக்கு: "தவக்களை அடிபட்டதும் மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணு. அப்புறம் இழு. ரப்பரோ ஃப்ளையோ எல்லாத்துக்கும் இதுதான்." ஏகப்பட்ட பேரு அதுக்குக் கைதட்டு வேற. அந்த விவாத இழையைப் பூட்டிட்டாங்க, அதான் இங்க வந்தேன்.

மூணு எண்ணுறது ரப்பர் தவக்களைக்கு. அது உள்ள வெத்து. ரெண்டு முள்ளும் முதுகோட ஒட்டிப் படுத்திருக்கும். மீன் வாயால அமுக்கி ரப்பர் நசுங்குனாத்தான் முள் வெளிய வரும், அதனால பொறுக்கணும். ஃப்ளையில நசுங்குறதுக்கு என்ன இருக்கு? 2/0 அளவு முள் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. மேல ஃபோமு, பின்னாடி ரோமம், ரெண்டு ரப்பர் காலு. விரால் ஒரு கடி கடிச்சு உயிர் இல்லைன்னு கண்டா துப்பிரும். நீங்க மூணு சொல்லி முடிக்கிறப்ப ஃப்ளை அல்லி இலை மேல காஞ்சுக்கிட்டிருக்கும்.

சரியான முறை இதுதான். ராடு நுனி தண்ணியைத் தொட்டுக்கிட்டு இருக்கணும். லைன் வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில. அடிச்ச அந்த நொடியில இடது கையால லைனை ரெண்டு அடி நீளத்துக்கு நேரா இழுக்கணும். ராடைத் தூக்கக் கூடாது. மாட்டலைன்னாலும் ஃப்ளை ரெண்டடிதான் நகந்திருக்கும், அதே விரால் திரும்பி வந்து அடிக்கும்.

மறுகால்:
தம்பி, பேரைச் சொல்லி இழை தொறக்குற அளவுக்கு வந்துட்டீங்க. சந்தோஷம்.

விரால் முதல் அடியில முழுங்காது. கொல்றதுக்கு அடிக்கும். அப்புறம் கவ்வும், திரும்பும், கீழ இறங்கும். அதோட மேல்தாடை எலும்பு, அங்க முள் ஏறாது. திரும்புறப்பதான் முள் கடைவாய்ச் சதைக்கு வரும். அதுக்குத்தான் மூணு எண்ணச் சொன்னேன். தண்ணி தெறிச்சதும் வெடுக்குன்னு இழுக்குறவன் கையில பாசிதான் வரும். கரையோரம் நின்னு பாருங்க, வெறும் பாசியை இழுத்துக்கிட்டு நிக்கிறவன் எல்லாம் உங்க சீடப்புள்ளைங்கதான்.

பள்ளத்தூர் பங்காளி:
ஒரு சந்தேகம். மூணுங்கிறதை எதுலருந்து எண்ணுறது? தண்ணி தெறிச்சதுலருந்தா, லைன் நகர ஆரம்பிச்சதுலருந்தா? ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கே.

கலுங்கடி:
கொல்றதுக்கு அடிக்குமாம்! அண்ணே, நீங்க சொல்றது உயிர்த் தவக்களை கோத்துப் போடுற காலத்துப் பாடம். உயிர்த் தவக்களையை விரால் துப்பாது, உள்ள தள்ளும். மூணு என்ன, முப்பது எண்ணிட்டுக்கூட இழுக்கலாம். ஆனா முள் தொண்டையில இருக்கும், மீன் பிழைக்காது. ஃப்ளை போடுறவன் முள்ளோட பார்பை, அதான் எதிர்க்கொக்கியை, குறடு வச்சு நசுக்கிட்டுப் போடுறான், திருப்பி விடுறதுக்கு. அவனுக்கும் மூணு எண்ணச் சொன்னா அர்த்தம் என்ன? மூணு எண்ணுனா ஒண்ணு துப்பிரும், இல்ல தொண்டைக்குப் போயிரும். ரெண்டுமே நஷ்டம்.

ஊட்டி ரிட்டர்ன்:
நண்பர்களே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஃப்ளை மீன்பிடிப்பு என்பது ட்ரவுட்டுக்கானது. அவலாஞ்சி, மூணாறு மேல்மலை போன்ற குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் 4 அல்லது 5 வெயிட் (லைனின் கனத்தைக் குறிக்கும் எண்) ராடு, 9 அடி லீடர் (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் வரும் மெல்லிய நரம்பு), நுனியில் 5எக்ஸ் டிப்பெட் (அதன் மிக மெல்லிய கடைசித் துண்டு), 14-ஆம் நம்பர் முள்ளில் கட்டிய ஃப்ளை. மீன் மூக்கை நீட்டி எடுத்ததும் ராடை மெல்ல உயர்த்துவது. அதுதான் கலை. செருப்பு ஃபோமைச் சேற்றுத் தண்ணியில் எறிவதை ஃப்ளை என்று சொல்வதே எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன்: மூணு அதிகம், ஒன்று போதும். ராடை உயர்த்தினால் போதுமானது.

கலுங்கடி:
யாரும் கேக்கல சார்.

ராடைத் தூக்குனா விராலுக்கு வேலைக்காகாது. ராடு வளையும், அந்த விசையெல்லாம் வளைவுலயே போயிரும், எலும்பு வாயில முள் ஏறாது. தப்பிச்சா ஃப்ளை தண்ணியை விட்டுக் கிளம்பி நேரா உங்க பின்னாடி நிக்கிற சீமைக் கருவேலத்துல போய் உக்காரும். ஓடையில கருவேல முள்ளு கிடையாது, அதனால உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. 5எக்ஸ்ங்கிறது 0.006 இஞ்ச் தடிமன். அல்லித் தண்டுல ஒரு சுத்து சுத்துனாலே அறுந்துரும். இங்க 0.50 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு, மொத்த லீடரே ஆறடி. அவ்வளவுதான்.

5 வெயிட் ராடாம். 5 வெயிட் லைனோட முதல் 30 அடி 140 கிரெயின், சுமார் 9 கிராம். 8 வெயிட்டுக்கு 210 கிரெயின், 13.6 கிராம். ரோமத்துல தண்ணி ஏறுன ஃபோம் தவக்களையைத் தூக்கிட்டுப் போறது ராடு இல்ல, லைனோட கனம். 5 வெயிட்டுல போட்டா லைன் முன்னாடி போகும், தவக்களை உங்க காதுல வந்து விழும்.

ஊத்தா:
மாசி பொறந்து தண்ணி முழங்காலுக்கு வத்தட்டும். ஊர்ப் பெரிய மனுசர் வெள்ளைத் துண்டை வீசுவாரு, மீன்பிடித் திருவிழா ஆரம்பம். ஊத்தாவோட, அதான் மீன் மேல கவுக்குற கூடையோட, இறங்குவோம். அங்க வந்து மூணு எண்ணிட்டுக் குத்துங்க, பாப்போம். மீன் பக்கத்து ஊரு மடையைத் தாண்டிப் போயிருக்கும் 😂

மறுகால்:
ஊத்தா குத்துறதும் ஃப்ளையும் ஒண்ணா? யாரு எதைப் பேசுறதுன்னு ஒரு விவஸ்தை இல்லாமப் போச்சு.

கலுங்கடி தம்பி, துப்பிரும் துப்பிரும்னு சொல்றீங்களே, ஏன் துப்புது? உங்க ஃப்ளையில களைக் காப்பு, அதான் இலை தழையில முள் சிக்காம மறைக்கிற நரம்பு, எவ்வளவு தடிமன் வைக்கிறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. மூணு எண்ணியும் மாட்டலைன்னா குத்தம் எண்ணிக்கையில இல்ல, கட்டுல.

செருப்புத் தவளை:
கட்டு பத்தி வந்ததால சொல்றேன். களைக் காப்புக்கு நான் போடுறது 0.45-லருந்து 0.50 மில்லிமீட்டர் தங்கூசி, முள் வளைவுலருந்து கண்ணு வரைக்கும் ஒரே வளையம். விரலால லேசாத் தொட்டாலே மடியணும். 0.70 போட்டா இலையில சிக்காது, வாயிலயும் சிக்காது, மீனையே தள்ளி விட்ரும்.

அதைவிடப் பெரிய தப்பு ஃபோம். ரப்பர் செருப்பை அறுத்து 6 மில்லிமீட்டர்ல போட்டு, முள்ளோட வாய் முழுக்க அடைச்சுருவாங்க. முள் நுனிக்கும் ஃபோமோட அடிக்கும் நடுவுல பாதிக்கு மேல இடம் காலியா இருக்கணும். இல்லைன்னா எண்ணினாலும் மாட்டாது, எண்ணாட்டியும் மாட்டாது. முள் தண்டுல முதல்ல நூலை நெருக்கிச் சுத்தி ஒரு சொட்டு பசை விட்டுட்டு ஃபோமை இறுக்குங்க. வெறும் தண்டுல கட்டுனா ஃபோம் சுழண்டுரும், முள் மேல போயி ஃப்ளை மல்லாக்க மெதக்கும். பாதிப்பேரு "துப்பிருச்சு"ன்னு சொல்றது இந்த மல்லாந்த ஃப்ளையைத்தான்.

கலுங்கடி:
பாத்தீங்களா! தம்பி சொல்றதும் நான் சொல்றதுதான். மூணு எண்ண வேண்டிய அவசியமே இல்ல.

செருப்புத் தவளை:
அண்ணே, நான் அப்படிச் சொல்லவே இல்ல.

பள்ளத்தூர் பங்காளி:
தெறிச்சதுலருந்தா, லைன் நகந்ததுலருந்தா? யாராவது சொல்லுங்கப்பா.

மறுகால்:
தம்பி கட்டுற ஃப்ளை நல்ல ஃப்ளை. அதைப் போட்டு மூணு எண்ணினா மாட்டும். அவ்வளவுதான் விஷயம்.

இப்ப ஒண்ணு கேக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில விரால் குஞ்சோட திரியுற நேரத்துல, அந்தச் செவப்புக் குஞ்சுக் கூட்டத்து மேலயே தவக்களையைப் போட்டு "அடிச்ச நொடியில இழுத்தேன், மாட்டுச்சு"ன்னு படம் போடுறது யாரு? குஞ்சைக் காவல் காக்குற மீன் பசிக்கு அடிக்காது, விரட்ட அடிக்கும். அது வாய்க்குள்ள எடுக்குறதே ஒரு நொடிதான். அங்க உடனே இழுத்தா மாட்டத்தான் செய்யும். அதை வச்சுக்கிட்டு மத்த மாசத்துக்கும் பாடம் எடுக்குறீங்க. தாயைப் பிடிச்சுட்டா அந்தக் குஞ்சு மொத்தமும் ஜிலேபி மீனுக்கும் கொக்குக்கும் தீனி.

கலுங்கடி:
ஓ, அப்படி வர்றீங்களா. அந்தப் படத்துல இருந்த மீனை அங்கேயே திருப்பி விட்டாச்சு, குஞ்சு பக்கத்துலயே. படத்துக்குக் கீழ எழுதியும் இருந்துச்சு. படிக்கத் தெரிஞ்சா படிச்சிருக்கலாம். மூணு எண்ணத் தெரிஞ்சா போதும்னு நெனச்சுட்டீங்க போல.

ஊத்தா:
திருப்பி விட்டீங்களா? விரா மீனையா? மல்லி, மிளகாய் அரைச்சு ஊத்துற சாதியில பொறந்துட்டு மீனைத் தண்ணியில விடுறவங்களை இங்கதான் பாக்குறேன். அது கிடக்கட்டும். மீன்பாசி, அதான் கண்மாய்ல மீன் பிடிக்கிற உரிமையை, ஏலம் எடுத்தவருகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவரு கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருக்காரு. விரால் அந்தக் குஞ்சைத் திங்கிற மீன், அதைப் பிடிச்சா அவருக்கு லாபம்தான், கேட்டாக் குடுப்பாரு. கேக்காம ராடோட கரையில நின்னா மூணு எண்ணுறதுக்குள்ள ஆள் வந்துருவாரு.

ஊட்டி ரிட்டர்ன்:
இதற்குத்தான் சொன்னேன். மலையில் உரிமச்சீட்டு முறை ஒழுங்காக இருந்தது. இங்கு எல்லாம் வாய்மொழி. ஊருணியில்கூட ஃப்ளை வீசுகிறார்கள்.

ஊத்தா:
யாரு சார் ஊருணியில வீசுனது? குடிதண்ணி ஊருணியில காலே கழுவ விட மாட்டாங்க. செட்டிநாட்டுப் பக்கம் வந்திருக்கீங்களா இல்லையா?

நெறியாளர்:
தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

கலுங்கடி:
தலைப்புக்கே வர்றேன். மூணு எண்ணுறவங்களுக்கு ஒரு சோதனை. பொங்கல் கழிஞ்சு வண்டல் படிஞ்சு தண்ணி தெளிஞ்சதும் கலுங்குப் பக்கம், அதான் கண்மாய் நிறைஞ்சா தண்ணி வழியுற கல்கட்டுப் பக்கம், நில்லுங்க. அங்க மரம் இல்ல, பின்வீச்சுக்கு இடம் கெடைக்கும். கல்லு விளிம்புல மட்டும் லைனை உரச விடாதீங்க. கரை மேல நின்னா கருவேலம் விடாது. பின்னாடி வீசாம லைனைத் தண்ணி மேல உருட்டி விடுற ரோல் காஸ்ட் போடலாம்னு சொல்லுவாங்க, ஆனா லைன் தண்ணியைக் கவ்விப் பிடிச்சாத்தான் ரோல் காஸ்ட் விரியும். தாமரை இலை மேல லைன் வழுக்கும், கவ்வாது, குவியலா காலடியில விழும். அதனால கலுங்குதான். காலையில விரால் மூச்சு வாங்க மேல வந்து குமிழி விட்டுட்டுப் போகும். அந்தக் குமிழிக்கு ரெண்டடி தள்ளிப் போடு. அலை வளையம் அடங்குற வரைக்கும் ஃப்ளையை அசைக்காதே. அப்புறம் சின்னதா ஒரு இழுப்பு, நிறுத்து. அடிச்சதும் இழு. பாதி நாளு மூணு எண்ணிப் பாரு, பாதி நாளு என் முறையில இழுத்துப் பாரு. மூணு எண்ணினா வாயில நிக்காது. நிக்கவே நிக்காது.

மறுகால்:
கலுங்குல நின்னு போடச் சொல்ற மகராசன் லைன் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லலாமே. வெப்பநாட்டு லைன்னு சொல்லி எனக்கு ஒரு 8 வெயிட் லைனை வித்தீங்களே, ஞாபகம் இருக்கா? குளிர்நாட்டு லைன் அது. சித்திரை வெயில்ல கொழகொழன்னு ஆகி ராடு வளையத்துல ஒட்டுது, முப்பதடிக்கு மேல போகவே மாட்டேங்குது. வெடிப்பு வேற. அந்த லைனை வச்சுக்கிட்டு அடிச்ச நொடியில இழுக்கணுமாம். தொங்கலை எடுக்கவே ரெண்டு எண்ணிக்கை ஆயிரும்!

கலுங்கடி:
ஆகா, வந்துருச்சு பூனைக்குட்டி. அதனாலதான் மூணு எண்ணுறீங்க! லைன்ல தொங்கல் இருக்கு, அது உங்களுக்குத் தெரியல. அதுக்கு விராலைக் குத்தம் சொல்றீங்க. ராடு நுனியை இடுப்பு உயரத்துல வச்சிருந்தா எந்த லைனும் தொங்கத்தான் செய்யும். நுனியைத் தண்ணியில வையுங்கன்னு முதல் பதிவுலயே சொன்னேன்.

வெடிப்புக்குக் காரணம் நான் சொல்லவா? கொசுத் தைலம் தேய்ச்ச கையோட லைனைப் பிடிச்சா மேல்பூச்சு கரையும். டீட்ங்கிற கொசு விரட்டி மருந்து கலந்த எதுவும் லைன்ல படக் கூடாது. வண்டி டேங்க் மேல வெயில்ல சுருட்டி வைக்கவும் கூடாது. கண்மாய் வண்டல் ஏறுனா வெதுவெதுப்பான தண்ணியில லேசா சோப்புப் போட்டு, துணியால இழுத்துத் துடைக்கணும். ஒண்ணும் செய்யுறது கிடையாது, பழி மட்டும் வித்தவன் மேல.

மறுகால்:
லைன் உறையில என்ன எழுதியிருந்துச்சுன்னு படம் எடுத்து வச்சிருக்கேன். போடவா?

கலுங்கடி:
போடுங்க. மூணு எண்ணிட்டுப் போடுங்க.

பள்ளத்தூர் பங்காளி:
தெறிச்சதுலருந்துன்னே நான் வச்சுக்கிறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்தைத்தான் சொல்றீங்களோன்னு எனக்கு ஒரு எண்ணம்.

மறுகால்:
நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லவே இல்ல தம்பி.

கலுங்கடி:
இல்லவே இல்ல.

செருப்புத் தவளை:
2/0 முள், அகல வாய் உள்ளது, காரைக்குடிப் பக்கம் எங்கயாச்சும் கெடைக்குதா? கடல் மீனுக்கு விக்கிற முள்ளு தண்டு கனமா இருக்கு, ஃபோமை மூழ்கடிக்குது.

ஊட்டி ரிட்டர்ன்:
ஃபோமே வேண்டாம் என்கிறேன். மான் ரோமம் பயன்படுத்துங்கள்.

ஊத்தா:
மானா? வனத்துறை கதவைத் தட்டுறப்ப மூணு எண்ணிட்டுத் தொறங்க சார்.

மறுகால்:
உறைப் படம் போட்டாச்சு, தனி இழையில. பாத்துட்டு அந்த லைனுக்குக் காசைத் திருப்பிக் குடுத்துட்டு அப்புறமா விரால் பேசுங்க.